கொண்டி மாடும் முள்கம்பியும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், டிகால்ப் ஊர்ப் பக்கம், ஹென்றி ரோஸ் என்றொரு விவசாயி இருந்தார். அவரிடம் ஒரு பசு. எந்த வேலி போட்டாலும் முட்டிச் சாய்த்துவிட்டு வெளியே போய் நிற்கும். நம்மூரில் கொண்டி மாடு என்பார்களே, அந்த ரகம். பொறுத்துப் பார்த்த ரோஸ், ஒரு பலகையில் கூர்முனைகளை அடித்து, அதைப் பசுவின் முகத்துக்கு முன்னால் தொங்கும்படி கட்டிவிட்டார். வேலியை முட்டினால் முள் அதற்கே குத்தும். பிறகு அவருக்கு வேறொன்று தோன்றியது. பலகை மாட்டின் தலையில் தொங்குவதைவிட வேலியிலேயே தொங்கினால் என்ன? கூர்முனை வைத்த அந்த மரச்சட்டத்துக்கு 1873-ல் காப்புரிமை வாங்கி, அதே ஆண்டு டிகால்ப் கண்காட்சியில் வைத்தார்.

அதைப் பார்த்தவர்களில் மூன்று பேருக்கு ஒரே யோசனை வந்தது. மரம் எதற்கு, கம்பியிலேயே முள் வைக்கலாமே. ஜோசப் கிளிடன் என்ற விவசாயி, ஜேக்கப் ஹைஷ் என்ற மரவியாபாரி, ஐசக் எல்வுட் என்ற இரும்புக்கடைக்காரர் என அந்த மூவரும் தனித்தனியே முயன்றார்கள். கிளிடன் காப்பிக்கொட்டை அரைக்கும் கைமில்லைக் கொண்டு கம்பியை வளைத்து முள் செய்தார். ஒற்றைக் கம்பியில் அந்த முள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது கம்பி ஒன்றைச் சேர்த்து முறுக்கியதும் அசையாமல் மாட்டிக்கொண்டது. 1874 நவம்பரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டு இரும்புக்கடைகளில் சுருள் சுருளாகக் கிடக்கும் முள்கம்பியும் அடிப்படையில் அதே இரட்டை முறுக்குதான்.

1874-ல் அமெரிக்காவில் உற்பத்தியான முள்கம்பி ஏறத்தாழ 10,000 பவுண்டு. 1880-ல் அது 8 கோடி பவுண்டு. கிளிடன் காப்புரிமையில் தனக்கிருந்த பங்கை 60,000 டாலருக்கும், விற்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு தொகைக்குமாக விற்றுச் செல்வந்தரானார். யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1892-ல் அவர் காப்புரிமைக்குச் சாதகமாக முடிந்தது. ரோஸின் பசுவுக்கு எந்தத் தீர்ப்பிலும் பங்கு இல்லை.

நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் மாட்டுக்கும் கம்பிக்குமான வழக்கு மட்டும் முடிந்தபாடில்லை.

அமெரிக்க மாட்டுப் பண்ணை என்றதும் குதிரை, தொப்பி, அடிவானம் வரை மாடுகள் என்று சினிமாக் காட்சிதான் பலருக்கும் மனதில் ஓடும். உண்மையில் இறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் பண்ணை ஒன்றில் சராசரியாக இருப்பது 45 பசுக்களை ஒட்டித்தான். அந்த அளவு மாட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. அதனால் வீட்டில் ஒருவராவது, பல வீடுகளில் கணவன் மனைவி இருவருமே, பகலில் வேறு வேலைக்குப் போகிறார்கள். வேலி பார்ப்பது சாயங்காலமும் சனி ஞாயிறும். மாட்டுக்கு வேறு வேலை இல்லை. நாள் முழுக்க வேலியோரமாக மேய்ந்துகொண்டே போகும். எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது, எந்தக் கம்பம் ஆடுகிறது என்பது உரிமையாளருக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடுவதில் வியப்பில்லை.

வேலியின் கணக்கைப் பார்த்தால் இந்தச் சண்டையில் மனிதர் ஏன் பின்தங்கிப் போகிறார் என்பது புரியும். அங்கே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்தார்கள். 40 ஏக்கர் சதுரத் துண்டு ஒன்றின் ஒரு பக்கம் 1,320 அடி, அதாவது கால் மைல். கடையில் விற்கும் ஒரு சுருள் முள்கம்பியின் நீளமும் அதே 1,320 அடிதான். ஒரு பக்கத்துக்கு ஒரு வரிசை இழுத்தால் ஒரு சுருள் காலி. ஐந்து வரிசை வேலியாக நான்கு பக்கமும் போட 20 சுருள், சுமார் எட்டு கிலோமீட்டர் கம்பி. 12 அடிக்கு ஒரு கம்பம் என்று வைத்தால் 440 கம்பம். பழைய கனத்த ரகக் கம்பியென்றால் ஒரு சுருளே 35 கிலோவைத் தாண்டும். இவ்வளவையும் நட்டு இழுத்துக் கட்டியபின், எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு யு ஆணி கழன்றால் போதும்.

மாடு ஏன் வேலி தாண்டுகிறது என்று கேட்டால் பலர் சொல்லும் பதில் குறும்பு, திமிர் என்பதுதான். பாதிக்குப் பாதி அது அநியாயமான குற்றச்சாட்டு. முதல் காரணம் பசி. மேய்ச்சல் தீர்ந்துபோன நிலத்தில் நிற்கும் மாடு, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் உயரப் புல்லைப் பார்த்தால் முதலில் கழுத்தை நீட்டும். கழுத்துத் தோல் தடித்தது. முள் அங்கே பெரிதாகக் குத்துவதில்லை. நாளுக்கு நாள் கழுத்து நீள நீளக் கம்பி தளரும், கம்பம் சாயும். ஒரு பசு 600 கிலோ எடை இருக்கும். அது சாய்ந்து முண்டினால் தாங்கும்படி யாரும் வேலி போடுவதில்லை, போட்டுக் கட்டுப்படியாகவும் ஆகாது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது மனிதருக்கு மட்டும் சொன்னதாகத் தெரியவில்லை. கோடை வறட்சியில் தொட்டித் தண்ணீர் வற்றினாலும், உப்புக்கட்டி தீர்ந்தாலும் இதே கதைதான். கம்பி வாங்கும் காசில் பாதிக்கு வைக்கோல் வாங்கியிருந்தால் மாடு வெளியே போயிருக்காது என்று சொல்லத்தக்க பண்ணைகள் உண்டு.

இரண்டாவது காரணம் துணை. மாடு கூட்டப் பிராணி. தனியே விடப்பட்ட ஒன்று கண்ணுக்குத் தெரியும் இன்னொரு மந்தையைத் தேடிப் போகத்தான் பார்க்கும். பருவத்துக்கு வந்த கிடேரி வேலிக்கு இந்தப் பக்கம், பக்கத்துப் பண்ணைக் காளை அந்தப் பக்கம் என்றால் ஐந்து கம்பியும் ஒரு பொருட்டல்ல. இரண்டு காளைகள் வேலியின் இருபுறமும் நின்று மண்ணைக் கிளறி முட்டிக்கொள்ளத் தொடங்கினால் ஒரு மாலைக்குள் சில கம்பங்கள் தரைமட்டமாகும். இதற்கு முள்கம்பியைவிட நல்ல மருந்து தூரம். ஒரு காளையை இன்னொரு கோடிக்கு மாற்றுவது, அல்லது நடுவில் ஒரு வயலைக் காலியாக விடுவது.

பால் மறக்கடிக்கும் காலம் இன்னும் மோசம். ஆறேழு மாதக் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்ததும் தாய்ப்பசு இரண்டு மூன்று நாள் விடாமல் கத்தும். கன்றைத் தேடி எந்த வேலியையும் உடைக்கும். கன்றைக் கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோவதுதான் பழைய முறை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேர்மாறான வழியைச் சோதித்தது. உறுதியான ஒரு வேலியை நடுவில் வைத்துத் தாயையும் கன்றையும் இருபுறமும் நிறுத்தினார்கள். பார்க்கலாம், முகரலாம், பால் குடிக்க மட்டும் முடியாது. அப்படிப் பிரிந்த கன்றுகள், தொலைவில் அடைக்கப்பட்ட கன்றுகளைவிடக் குறைவாகக் கத்தின, நன்றாக மேய்ந்தன, எடையும் கூடுதலாக ஏறின. வேலியைத் தடையாக மட்டும் நினைத்துப் பழகியவர்களுக்கு இது புதுப் பாடம்.

குறும்பு என்று சொல்லத்தக்கதும் உண்டு; இல்லாமல் இல்லை. நீண்ட சொரசொரப்பான நாக்கால் கதவுக் கொண்டியை நக்கி நக்கியே திறந்துவிடும் பசுக்களைப் பண்ணைக்காரர்கள் பலருக்கும் தெரியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் ஹேகன், டொனால்ட் புரூம் என்ற இருவர் கிடேரிகளுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு பலகையை மூக்கால் அழுத்தினால் கதவு திறக்கும், சற்றுத் தள்ளித் தீவனம் இருக்கும். சூட்சுமம் பிடிபட்டு வந்த கட்டத்தில் கிடேரிகளின் இதயத்துடிப்பு ஏறியது, தீவனத்தை நோக்கி அவை துள்ளலாக நடந்தன. தானாகக் கதவு திறந்து தீவனம் கிடைத்த கிடேரிகளிடம் அந்த உற்சாகம் அவ்வளவாக இல்லை. 2004-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்தவர்கள், தம் பண்ணைக் கதவுக்குச் சங்கிலியோடு ஒரு கொக்கியும் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

தாண்டுவதில் பெயர்பெற்ற இனங்களும் இருக்கின்றன. டெக்சாஸின் கடலோரப் பண்ணைகளில் திமிலும் தொங்கும் அலைதாடியுமாக நிற்கும் பிராமன் மாடுகளின் மூதாதையர் இந்தியாவிலிருந்து போனவை. ஓங்கோலும் கிரும் காங்ரேஜும் அந்த வம்சத்தில் கலந்திருக்கின்றன. வெயிலும் உண்ணியும் தாங்கும் என்பதற்காக 1906-ல் டெக்சாஸ் பண்ணையாளர்கள் நேரடியாகவே இங்கிருந்து மாடுகளை வரவழைத்தார்கள். கையால் தீவனம் கொடுத்துப் பழக்கினால் நாய்க்குட்டிபோல் பின்னால் வரும் இந்த மாடு, மிரட்டி ஓட்டினால் ஓடிவந்து வேலியை அப்படியே தாவும்.

உடைந்த வேலியைச் சீர் செய்வது தனிக் கலை. குளிர் மிகுந்த வட மாநிலங்களில் வேலையின் பெரும்பகுதி வசந்தத்தில் வரும். உறைபனிக் காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி விரியும், பிறகு உருகும். இது மாறி மாறி நடக்கையில் கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிவிடும். கம்பியும் அப்படித்தான், குளிரில் சுருங்கும், வெயிலில் நீளும். ஆடிக்காற்று நாளில் வீணைத் தந்தியாக இழுத்துக் கட்டிய கம்பி மார்கழியில் அறுந்து போகும் என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். கோடைக்கும் குளிருக்கும் 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம் பார்க்கும் மொன்டானாவில் அது வருடாந்தரச் செலவு. போதாக்குறைக்கு, வேலியைத் தாவும் எல்க் மான்களின் பின்னங்கால் மேல்கம்பியில் மாட்டி, ஒரே இரவில் ஒரு வரிசையே தொய்ந்து கிடக்கும்.

மாடுகளை மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன் பண்ணைக்காரர் வேலியை ஒரு சுற்று நடந்தோ குதிரையிலோ நாலு சக்கர மோட்டார் வண்டியிலோ பார்த்துவருகிறார். கையில் வேலிக்குறடு. பார்க்க விநோதமான கருவி அது. ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் ஆணி பிடுங்கும் கொம்பு, நடுவில் கம்பி வெட்டும் வாய், நுனியில் பிடிக்கும் பல். அறுந்த கம்பிக்கு ஒட்டுப்போடும்போது இரண்டு முனையிலும் கண்ணி செய்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து முறுக்குகிறார்கள், அல்லது தந்திக்கம்பி காலத்து முறைப்படி ஒன்றன்மேல் ஒன்றை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். மரக்கம்பத்தில் யு ஆணியை இறுக்கி அடிப்பது புதிதாக வந்தவர் செய்யும் தவறு. கம்பி ஆணிக்குள் நழுவி ஓட இடம் விட வேண்டும். அப்போதுதான் மாடு மோதினால் அதிர்ச்சி நெடுகப் பரவும், ஓரிடத்தில் அறாது. மரத்தின் நாரோட்டத்துக்கு இணையாக ஆணி அடித்தால் மரம் பிளந்து ஆணி கழன்றுவிடும். சற்றே சாய்த்து அடிப்பது வழக்கம்.

வேலியின் உயிர் மூலையில் இருக்கிறது. ஐந்து கம்பிகளின் மொத்த இழுப்பும் அங்கேதான் வந்து சேரும். அதனால் மூலையில் தடித்த மரக்கம்பம் இரண்டை ஆழமாக நட்டு, நடுவே குறுக்குச்சட்டம் வைத்து, குறுக்காகக் கம்பி முறுக்கி இறுக்குவார்கள். நம்மூர்க் கல்தூண் வேலியில் மூலைக்கல்லுக்கு உதைகல் வைப்பதும் இதே நோக்கத்தில்தான். மூலை சாய்ந்த வேலியில் நடுக்கம்பியை எத்தனை தடவை இழுத்துக் கட்டினாலும் வீண். இருந்தும் ஆள் பற்றாக்குறையில் பலர் செய்வது நடுவில் ஒட்டுப்போடும் வேலையைத்தான்.

ஓடை குறுக்கிடும் இடம் இன்னொரு தலைவலி. வெள்ளத்தில் அடித்துவரும் மரக்கிளையும் குப்பையும் கம்பியில் தேங்கி, இருபுறமும் நூறு அடி வேலியைப் பிடுங்கிக்கொண்டு போகும். அனுபவப்பட்டவர்கள் அந்த இடத்து வேலியை வேண்டுமென்றே வலுவில்லாமல் அமைக்கிறார்கள். இரு கரையிலும் உறுதியான கம்பம். நடுவில் தனியாகத் தொங்கும் ஒரு துண்டு. வெள்ளம் வந்தால் அது மட்டும் அறுந்து ஒதுங்கும், மற்ற வேலி தப்பிக்கும். தண்ணீர் வடிந்ததும் போய் அந்தத் துண்டைத் திரும்பக் கட்டிக்கொள்வார்கள்.

வேலை முடிந்தபின் தரையில் கிடக்கும் கம்பித் துண்டுகளைப் பொறுக்குவதை யாரும் அலட்சியம் செய்வதில்லை, செய்யவும் கூடாது. மாடு மெல்லாமல் விழுங்கும் பிராணி. புல்லோடு போகும் இரண்டு அங்குலக் கம்பி அதன் இரண்டாம் இரைப்பையில் தங்கி, இரைப்பைச் சுவரைக் குத்தும். அதற்கு மிக அருகில்தான் இதயம். இதற்கு அமெரிக்காவில் கண்டுபிடித்த வைத்தியம் எளிமையானது: விரல் நீளக் காந்தம் ஒன்றை மாட்டுக்கு விழுங்கக் கொடுத்துவிடுவது. காந்தம் அந்த இரைப்பையிலேயே ஆயுள் முழுக்கக் கிடக்கும்; உள்ளே போகும் ஆணியும் கம்பியும் சுவரைக் குத்தாமல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

முள்கம்பி வருவதற்கு முன் இல்லினாய், கான்சஸ் புல்வெளிகளில் மரம் கிடையாது, கல்லும் குறைவு. ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை நெருக்கமாக நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். கொங்குநாட்டுக் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் இன்றும் நிற்கும் கிளுவை வேலி அதற்கு நெருங்கிய உறவு. கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல் மரம், சுற்றிலும் முள்கிளுவை. உள்ளே ஆளில்லாமல் மேயும் காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும். தமிழ்நாட்டில் சிறு மேய்ச்சல் பண்ணை என்று எதையாவது காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். உயிர்வேலியிலும் சந்து விழும். அங்கே குறடும் ஆணியும் வேண்டாம். ஒரு கிளுவைப் போத்தை வெட்டி நட்டு, அது துளிர்க்கும்வரை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தால் ஆயிற்று. ஓசேஜ் ஆரஞ்சு வேலிகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அந்த மரத்தின் கட்டை மட்டும் எளிதில் மக்காத வேலிக்கம்பமாகப் பல பண்ணைகளில் இன்னும் நிற்கிறது.

தாண்டிய மாட்டுக்கு யார் பொறுப்பு? இந்தியாவில் 1871-ல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்துப் பவுண்டில், அதாவது கொண்டித்தொழுவில் அடைக்கலாம். மாட்டுக்காரர் தண்டம் கட்டி மீட்க வேண்டும். மொன்டானா போன்ற அமெரிக்க மேற்கு மாநிலங்களின் திறந்த மேய்ச்சல் பகுதிகளில் நியாயம் தலைகீழ். மாடு வர வேண்டாம் என்று நினைப்பவர்தான் தன் நிலத்தைச் சுற்றி வேலி போட்டுக்கொள்ள வேண்டும். நகரத்திலிருந்து அங்கே வீடு கட்டிப் போனவர்கள் காலையில் எழுந்து ரோஜாச் செடியை மாடு மேய்வதைப் பார்த்துக் காவல்துறைக்குப் போன் செய்தால், வேலி போடுங்கள் என்ற பதில் வரக்கூடும். கிழக்கு மாநிலங்களிலோ, நம்மைப் போலவே, மாட்டுக்காரர்தான் மாட்டை அடைத்து வைக்க வேண்டும்.

இந்த உரிமைச் சண்டை ஒரு காலத்தில் துப்பாக்கி வரை போயிருக்கிறது. 1883-ல் டெக்சாஸில் வறட்சி. பெரும் பண்ணைகள் புல்லையும் தண்ணீரையும் சுற்றி முள்கம்பி இழுத்திருந்தன. சில இடங்களில் பொதுவழியைக்கூட அடைத்துவிட்டார்கள். நிலமில்லாத மாட்டுக்காரர்கள் இரவில் கும்பலாக வந்து மைல் கணக்கில் கம்பியை வெட்டினார்கள். ஆளுநர் ஜான் அயர்லண்ட் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட, 1884-ல் வேலி வெட்டுவது ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று. அதே கூட்டத்தில், பொதுநிலத்தைத் தெரிந்தே அடைப்பதும் குற்றம், வேலி போடுபவர் மூன்று மைலுக்கு ஒரு கதவாவது வைக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. வெட்டியவருக்குச் சிறை, அடைத்தவருக்கு அதைவிட லேசான தண்டனை. எந்தப் பக்கம் கை ஓங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை.

இன்றைய தகராறுகள் சாதுவானவை. இரு பண்ணைக்கும் பொதுவான வேலியை யார் பழுதுபார்ப்பது என்பதற்குக் கான்சஸ், நெப்ராஸ்கா பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அண்டை வீட்டார் இருவரும் வேலியின் நடுப்புள்ளியில் எதிரெதிரே நிற்பார்கள். அவரவர் வலக்கைப் பக்கம் உள்ள பாதி அவரவர் பொறுப்பு. அதிலும் ஒத்துவராவிட்டால் கான்சஸில் மாவட்ட ஆணையர்களே வேலிப் பார்வையாளர்களாக வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

வெளியே போன மாட்டைத் திருப்பிக் கொண்டுவருவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சத்தம் போட்டு, நாயை ஏவி, வண்டியில் துரத்தினால் மாடு இன்னும் இரண்டு வேலியை உடைத்துவிட்டுத்தான் நிற்கும். மாட்டுக்குக் கண்கள் முகத்தின் இருபக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து ஒருவர் வந்தால் மிரளும். கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லை உண்டு. அதன் விளிம்பை மிதித்தால் மாடு நகரும், பின்வாங்கினால் நிற்கும். தோளுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் முன்னால் போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்னால் திரும்பும். பட் வில்லியம்ஸ் என்ற மாடு மேய்ப்பவர் இதே உத்தியை வைத்து, கத்தாமல் அடிக்காமல் பெரும் மந்தைகளை நகர்த்திக் காட்டி, அமெரிக்காவிலும் கனடாவிலும் பலருக்குக் கற்றுக்கொடுத்தார்.

அதைவிடச் சுலபமான வழி வாளி. தினமும் ஒரே வண்டியில் போய், ஒரே மாதிரி ஹாரன் அடித்து, ஒரு பிடி தீவன வில்லை போட்டுப் பழக்கியிருந்தால், தப்பிய நாளிலும் ஹாரன் சத்தம் கேட்டு முதலில் வருவது பெரும்பாலும் மந்தையை வழிநடத்தும் பசுதான். அது வந்தால் மற்றவையும் பின்தொடரும். ஓடிப்போன மாடு ஒன்றுதான் என்றால், அதைத் தனியே விரட்டாமல் இன்னும் இரண்டு மூன்று மாடுகளை அதன் பக்கம் ஓட்டிச் சென்று, எல்லாவற்றையும் சேர்த்து அழைத்துவருவார்கள்.

மின்வேலி இந்தச் சண்டையின் போக்கை மாற்றியது. 1930-களில் நியூசிலாந்தின் ஹேமில்டனில் பில் கல்லகர் என்பவரின் குதிரை ஜோ, அவருடைய காரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்ததாம். காரில் உரசினால் ஷாக் அடிக்கும்படி அவர் ஓர் ஏற்பாடு செய்ய, அதிலிருந்து மின்வேலிக் கருவி தயாரிக்கும் பெரிய நிறுவனமே பிறந்தது. கம்பியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பு. அதுவும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். மின்னழுத்தம் ஐயாயிரம் வோல்ட் இருந்தாலும் ஆபத்து நேராமல் சுள்ளென்று வலிக்க மட்டும் செய்வது இதனால்தான். நம் கிராமங்களில் காட்டுப்பன்றிக்கு என்று வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விட்டு மனித உயிரும் யானை உயிரும் போகிறதே, அது குற்றம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இதிலும் ஓட்டை உண்டு. மின்சாரம் மாட்டின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, நட்டு வைத்த எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் ஷாக். மண் காய்ந்து கிடந்தாலோ உதிரிப் பனி மூடியிருந்தாலோ மாட்டுக்கு ஒன்றும் உறைக்காது. வளர்ந்த புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதில் வடிந்துவிடும். புதுக் கம்பியைவிட முக்கியம், மாட்டை முதலில் ஒரு சிறிய பட்டியில் விட்டு மின்கம்பியை மூக்கால் தொட்டுத் தெரிந்துகொள்ள வைப்பது. தெரிந்துகொண்ட மாடு ஒற்றை இழைக் கம்பிக்குக்கூட மரியாதை தரும். தெரியாத மாடு ஷாக் அடித்ததும் பின்வாங்காமல் முன்னால் பாய்ந்து கம்பியோடு ஓடும்.

இப்போது கம்பியே இல்லாத வேலியும் வந்திருக்கிறது. மாட்டின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. செல்போன் திரையில் கோடு போட்டால் அதுதான் எல்லை. மாடு கோட்டை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும், மீறினால் லேசான ஷாக். சில நாளில் ஒலிக்கே திரும்பிவிடுகின்றன. நார்வேயின் நோஃபென்ஸ், நியூசிலாந்தின் ஹால்டர் ஆகிய நிறுவனங்கள் இதில் முன்னணியில் இருக்கின்றன. அமெரிக்காவின் வென்ஸ் நிறுவனத்தை 2022-ல் மெர்க் வாங்கியது. உள்பக்கத் தடுப்புகளுக்கு இது அருமையான வசதி. காட்டுத்தீ எரித்த நிலத்தில் புல் துளிர்க்கும்வரை மாட்டை விலக்கி வைக்கவும், ஓடைக்கரையைக் காக்கவும் பயன்படுகிறது. ஆனால் கன்றுக்காக மெனக்கெடும் தாய் கோட்டைப் பார்க்காது, பருவத்துக் காளையும் பார்க்காது. நெடுஞ்சாலையை ஒட்டிய எல்லையில் கம்பியை எடுத்துவிட யாரும் துணிவதில்லை.

எதற்கும் அடங்காத மாடு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தக் காலத்தில் அதன் கழுத்தில் முக்கோண மரச்சட்டம் மாட்டினார்கள். நம்மவர் தொண்டுக்கட்டை கட்டியதுபோல. இப்போது அதற்கும் பொறுமை இல்லை. ஒரு மாடு வேலி தாண்டினால் கூட நிற்கும் கன்றுகளும் கிடேரிகளும் பார்த்துப் பழகும் என்பதால், இரண்டு மூன்று தடவை பொறுத்துவிட்டு லாரியில் ஏற்றி ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏலக்கூடத்தில் நல்ல வயதும் கொழுத்த உடம்புமாக ஒரு பசு ஒற்றையாக வந்து நின்றால், விவரம் தெரிந்தவர் விலை கேட்பதற்கு முன் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பார். மேய்ச்சல் போதவில்லை என்று விற்பவர் சொல்வார். பக்கத்துப் பண்ணைக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்தப் பதிலைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்.